நேன் வந்தால் எந்த டெஸ்ட் கருவி குரல் கொடுக்கும்? பைடெஸ்ட், நம்பை, ஹைப்பாதெசிஸ்: ஒன்றரை வருடம் பயன்படுத்தியவளின் மதிப்புரை

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு போன் வந்தது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் 84 வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்ட். சம்ப் காலி, மொட்டை மாடி டேங்கும் காலி. டேங்கர் பத்து மணிக்கு முன்னால் வராது. அங்கே மோட்டார் பார்த்துக்கொள்பவர் தர்மபுரிக்காரர். அவர்தான் பேசினார். "மேடம், இருபதுக்குக் கீழே போனா மெசேஜ் வரும்னு சொன்னீங்க. ராத்திரி பூரா ஒண்ணுமே வரலையே?" கோபமாகக்கூடப் பேசவில்லை. பக்கத்தில் யாரோ காலி பக்கெட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

தண்ணீர்த் தொட்டிகளின் மட்டத்தை அளந்து சொல்லும் மென்பொருளை எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டெஸ்ட், அதாவது நிரல் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சின்ன நிரல், எழுதுவதும், மற்றவர்கள் எழுதிய டெஸ்டைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதும் என் பொறுப்பு. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்காக ஊரே காத்துக் கிடந்ததை அல்சூரில் இருந்தபடி நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு, 'சம்ப் 20 சதவீதம்' என்ற ஒரு வரி மெசேஜ் சின்ன விஷயமாக எனக்குத் தெரிவதில்லை.

அன்று நடந்தது இதுதான். சம்ப் மூடியின் அடிப்பக்கம் ஒரு சென்சார் இருக்கும். ஒலி அலையை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து மட்டத்தைச் சொல்லும். ராத்திரி அதன் முகத்தில் நீர்த்துளி கோத்துக்கொண்டது. எதிரொலி ஒழுங்காகத் திரும்பவில்லை. எங்கள் நிரல் சந்தேகமான அளவுகளையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி எடுக்கும். அன்று மிச்சம் என்று எதுவுமே இல்லை. காலியான பட்டியலுக்குச் சராசரி கேட்டால், பைத்தான் மொழியில் கணக்குப் போட நாங்கள் பயன்படுத்தும் நம்பை நூலகம் பூஜ்யம் தராது, நேன் (NaN) தரும். எண் அல்லாத ஒன்று என்று பொருள்படும் அந்த விசேஷ மதிப்பு. கூடவே ஒரு வார்னிங். அது லாக் ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம், 'இது 20-க்குக் கீழேயா?' என்று நிரல் கேட்டது. நேனிடம் சிறியதா, பெரியதா, சமமா என்று எதைக் கேட்டாலும் பதில் 'இல்லை'தான். அலாரம் அடிக்கவில்லை.

அந்த இடத்துக்கு டெஸ்ட் இருந்தது. மாதக்கணக்கில் பச்சையாகப் பாஸ் ஆகிக்கொண்டும் இருந்தது. எதிர்பார்க்கும் விடைகள் ஒரு ஃபைலில் இருந்தன. எங்களில் ஒருவர் நிரலை ஒருமுறை ஓட்டி, வந்த விடைகளை அப்படியே அதில் சேமித்திருந்தார். அதில் ஒரு வரிசையில் நேன் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒப்பிடும் ஃபங்ஷன் இந்தப் பக்கமும் நேன், அந்தப் பக்கமும் நேன் என்று பார்த்துச் சரி என்றது. தப்பு முழுக்க எங்களுடையது. ஆனால் அதற்குப் பிறகு எந்த டெஸ்ட் கருவியைத் தொட்டாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: நேன் வரும்போது அது என்னைக் கேட்காமலே ஒரு முடிவு எடுத்துவிடுகிறதா, இல்லை, முடிவை என் கையால் எழுத வைக்கிறதா?

கருவிகளுக்குப் போகும் முன் கொஞ்சம் அடிப்படை. இந்த விசேஷ மதிப்புகளை, கணினியில் தசம எண்களை எழுதும் முறைக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை வரையறுத்தது. அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான மனிதர் வில்லியம் கஹான். 1989-இல் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது பெற்றவர். ஒரு தசம எண்ணின் 64 பிட்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கு, 11 அடுக்குக்கு, 52 பின்னத்துக்கு. அடுக்கின் 11 பிட்டும் ஒன்றாக இருந்து, பின்னம் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் அது முடிவிலி. பின்னத்தில் ஏதாவது ஒரு பிட் ஒன்றாக இருந்தால்கூட நேன். அந்தக் கணக்குப்படி நேனுக்கு மட்டும் 90 கோடி கோடிக்கும் மேற்பட்ட பிட் வடிவங்கள் இருக்கின்றன. பூஜ்யத்துக்கும் இரண்டு வடிவம்: கூட்டல் பூஜ்யம், கழித்தல் பூஜ்யம். சமமா என்று கேட்டால் இரண்டும் சமம். ஆனால் 1-ஐ அவற்றால் வகுத்தால் முதலாவதில் முடிவிலி வரும், மற்றதில் கழித்தல் முடிவிலி வரும். நேன் தனக்கே சமமில்லை. கணக்கு நடுவில் நிற்காமல் ஓடி முடியட்டும், எங்கோ தவறியது என்ற அடையாளம் மட்டும் கடைசிவரை வரட்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. அந்த அடையாளத்தைப் பார்க்கவேண்டிய இடம் டெஸ்ட்.

சரி, முதலில் பைடெஸ்ட். பைத்தான் நிரல்களுக்கு டெஸ்ட் எழுதி ஓட்டும் கருவி. அதில் தசம எண்களை ஒப்பிட 'அப்ராக்ஸ்' இருக்கிறது. இந்த மூன்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான், காரணம் அதன் டிஃபால்ட், அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது அது தானே எடுக்கும் முடிவு. எதிர்பார்ப்பது நேன், வந்ததும் நேன் என்றாலும் அது ஃபெயில் செய்யும். எனக்கு இங்கே நேன்தான் வேண்டும் என்றால் 'நேன் ஓகே' என்ற அளவுருவை நானே ஆன் செய்யவேண்டும். அந்த ஒரு வரி கோட் ரிவியூவில், அதாவது ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கும்போது, கண்ணில் படும். "ஏன் இங்கே நேன் பரவாயில்லை?" என்று கேட்க ஒரு இடம் கிடைக்கும். எங்கள் பழைய டெஸ்டில் இந்தக் கேள்வி ஒரே ஒருமுறை எழுந்திருந்தால் அந்த 84 வீட்டுக்காரர்கள் அன்று குளித்திருப்பார்கள்.

முடிவிலியையும் அப்ராக்ஸ் சரியாகக் கையாள்கிறது. எவ்வளவு பெரிய டாலரன்ஸ் (பொறுத்துக்கொள்ளும் வித்தியாசம்) கொடுத்தாலும் முடிவிலிக்கு முடிவிலி மட்டுமே சமம். எங்களுக்கு இது தேவைப்படும். 'இருக்கிற தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்' என்பது இருப்பை ஒரு நாள் செலவால் வகுப்பது. பூட்டிக் கிடக்கும் பிளாக்கில் செலவு பூஜ்யம். அங்கே முடிவிலி நியாயமான விடைதான். சாதாரண பைத்தான் எண்ணாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்கும்போது நிரல் எரர் கொடுத்து நின்றுவிடும். நம்பை எண்ணாக இருந்தால் வார்னிங்கோடு முடிவிலி வரும். ஒரே கணக்கு, உள்ளே வரும் எண்ணின் வகையைப் பொறுத்து இரண்டு விதமாக நடக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக டெஸ்ட் வைத்திருக்கிறோம்.

டாலரன்ஸில் டிஃபால்ட், எதிர்பார்க்கும் எண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 12,000 லிட்டர் டேங்கரில் அது 12 மில்லி. எங்கள் சென்சாருக்கு அது தேவைக்கு மேற்பட்ட கண்டிப்பு. எதிர்பார்ப்பு பூஜ்யமாக இருக்கும்போது விகிதக் கணக்கு உதவாது என்பதால், தனியாக லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற நிலையான அளவையும் வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நிலையான அளவை மட்டும் நீங்கள் கொடுத்தால் விகித அளவு அப்புறம் கணக்கிலேயே வராது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் எழுதவேண்டும்.

அப்ராக்ஸ் தவறவிடுவது கழித்தல் பூஜ்யத்தை. இது எங்களுக்கு நேராக வந்தது. உள்ளே வந்த தண்ணீரிலிருந்து வெளியே போனதைக் கழித்து ஆப்பில் காட்டுகிறோம். வித்தியாசம் கழித்தல் 0.3 லிட்டராக இருந்தால், நம்பை அதை முழு எண்ணுக்குத் திருத்தும்போது கழித்தல் பூஜ்யமாக்கும். திரையில் '-0 லிட்டர்' என்று தெரிந்தது. அதே தர்மபுரிக்காரர் ஒருநாள் போனைத் திருப்பிக் காட்டினார்: "மேடம், மைனஸ் ஜீரோன்னா தண்ணி வருதா, போகுதா?" அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. அந்தக் குறியைப் பார்த்துத்தான் அவர் வால்வு கசிகிறதா என்று முடிவு செய்கிறார். எங்கள் டெஸ்டோ, விடை பூஜ்யத்துக்குச் சமம் என்று பாஸ் ஆகியிருந்தது. இப்போது அந்த இடத்தில், ஓர் எண்ணின் குறியை இன்னொன்றுக்கு ஒட்டும் 'காப்பிசைன்' ஃபங்ஷனை வைத்துக் குறியைத் தனியாகச் சோதிக்கிறோம். திரையில் காட்டும் இடத்தில், பைத்தான் 3.11-இல் வந்த, கழித்தல் பூஜ்யத்தை வெறும் பூஜ்யமாக்கும் ஃபார்மேட் வசதியைப் பயன்படுத்துகிறோம். ஒரு எழுத்து சேர்த்தால் போதும்.

நம்பையின் டெஸ்ட் தொகுப்பு இரண்டாவது. பெரிய வரிசைகளை ஒப்பிட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. 288 அளவுகள் கொண்ட ஒரு நாள் வரிசையை ஒரே வரியில் ஒப்பிடலாம். ஒரு பக்கம் நேன் இருந்து மறுபக்கம் எண் இருந்தால், நேன் இருக்கும் இடங்கள் பொருந்தவில்லை என்று அதையே பெயர் சொல்லிக் காட்டும். அந்தச் செய்தி எத்தனையோ மணிநேரத்தை எனக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஆனால் டிஃபால்ட்டை மனப்பாடம் செய்யவேண்டும். 'அசர்ட் ஆல்க்ளோஸ்' நேனையும் நேனையும் சமம் என்று எடுத்துக்கொள்ளும். அதே நூலகத்தில், பெயரில் கிட்டத்தட்ட ஒன்றேபோல இருக்கும் வெறும் 'ஆல்க்ளோஸ்' சமமில்லை என்று சொல்லும். டாலரன்ஸும் வேறு. முதலாவதில் கோடியில் ஒரு பங்கு விகிதம், நிலையான அளவு பூஜ்யம். இரண்டாவதில் லட்சத்தில் ஒரு பங்கு விகிதம், அதோடு பத்து கோடியில் ஒரு பங்கு நிலையான அளவு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் டெஸ்டின் அர்த்தமே மாறிவிடும், கோட் ரிவியூவில் ஒரு சொல்தான் மாறியதாகத் தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். வரிசையில் நேன் என்பது பலருக்கு 'இந்த நேரத்தில் அளவு இல்லை' என்ற சாதாரணக் குறிப்பு, அது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருந்தால் சரி என்பதே அவர்கள் எதிர்பார்ப்பது. எங்களுக்கு அது ஆபத்து. அதனால் அசர்ட் ஆல்க்ளோஸை நேராகக் கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்தோம். நேனை மறுக்கும் ஒரு சின்ன உறை ஃபங்ஷன் எழுதி, அதன் வழியாகவே போகிறோம். டாலரன்ஸையும் அதில் கட்டாயமாக்கியாயிற்று. அது சென்சார் எத்தனை மில்லிமீட்டர் வரை நம்பத்தக்கது என்பதிலிருந்து வரவேண்டிய எண்.

இன்னொன்று. தனி எண்களை ஒப்பிடும் 'அசர்ட் ஈக்வல்' கூட்டல் பூஜ்யத்தையும் கழித்தல் பூஜ்யத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். இது பலருக்குத் தெரியாது, எனக்கு மிகப் பிடித்தது.

அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகத்தை இங்கே ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: முழுக்க நேனாக இருக்கும் பத்தியைக் கூட்டினால் அது 0.0 என்று விடை தரும், சராசரி கேட்டால் நேன் தரும், டெஸ்ட் எழுதுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது ஹைப்பாதெசிஸ். மேலே சொன்ன இரண்டும் நாம் கொடுத்த எண்ணைச் சரிபார்ப்பவை. இது எண்களைத் தானே உருவாக்கி நிரலை அடித்துப் பார்க்கும். 'ஏதாவது ஒரு தசம எண்' என்று எல்லை எதுவும் சொல்லாமல் கேட்டால் நேன், இரண்டு முடிவிலிகள், கழித்தல் பூஜ்யம், பூஜ்யத்தை ஒட்டிய மிகமிகச் சிறிய எண்கள் எல்லாம் கலந்து வரும். டிஃபால்ட்டாக ஒரு டெஸ்டுக்கு 100 முயற்சி.

போட்ட முதல் நாள் மாலையே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தது. டேங்க் நிரம்பி வழிவதைச் சொல்ல மாடியில் இரண்டு சென்சார் வைத்திருக்கிறோம். இரண்டில் பெரிய எண் 95-ஐத் தாண்டினால் அலாரம். சென்சார்களை எந்த வரிசையில் படித்தாலும் முடிவு ஒன்றாக இருக்கவேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதினேன். ஃபெயில். ஹைப்பாதெசிஸ் அந்தத் தோல்வியைச் சுருக்கிச் சுருக்கி இரண்டே எண்களுக்குக் கொண்டுவந்து வைத்தது: ஒரு நேன், ஒரு 96. நேன் முதலில் வந்தால் பைத்தானின் 'மேக்ஸ்' அதையே பிடித்துக்கொள்கிறது. 96 நேனைவிடப் பெரியதா என்று கேட்டால் இல்லை என்ற பதில், அதனால் நேனே விடை. 96 முதலில் வந்தால் நேன் 96-ஐவிடப் பெரியதா என்ற கேள்விக்கும் இல்லை, அதனால் 96 விடை. ஒரு சென்சார் கெட்டால், அது எந்த ஒயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அலாரம் அடிக்கும் அல்லது அடிக்காது. இதை என் கையால் யோசித்து நான் ஒருநாளும் எழுதியிருக்கமாட்டேன். அந்த இரண்டு எண்களைத் திரையில் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் தெரியாவிட்டால் இதிலும் ஏமாறலாம். எங்கள் டீமில் சேலத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். சதவீதம்தானே என்று 0 முதல் 100 வரை என்று எல்லை கொடுத்து டெஸ்ட் எழுதினான். எல்லாம் பச்சை. எல்லை கொடுத்துவிட்டால் ஹைப்பாதெசிஸ் நேனைத் தருவதை நிறுத்திவிடும். எல்லையும் வேண்டும், நேனும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்டால் எரர் வரும். 'இந்த எல்லைக்குள் ஓர் எண், அல்லது நேன்' என்று இரண்டு வகையைச் சேர்த்துக் கொடுப்பதுதான் வழி. யோசித்தால் இதுவும் சரிதான், நேன் எந்த எல்லைக்குள்ளும் இல்லை. "அக்கா, நூறு தடவை ஓடியும் ஒரு நேன்கூட வரலையா!" என்று அவனுக்கு வருத்தம். இதை மட்டும் ஆவணத்தில் இன்னும் பெரிதாகச் சொல்லலாம்.

அதே தம்பி இன்னொரு மதியம் முழுவதையும் வேறொன்றில் செலவழித்தான். பைத்தானில் நேன் உள்ள இரண்டு பட்டியல்களைச் சாதாரணமாக ஒப்பிட்டால், இரண்டிலும் இருப்பது நினைவகத்தில் ஒரே பொருளாக இருந்தால் சமம் என்று வரும். தனித்தனியாகக் கணக்கிட்டு வந்த நேனாக இருந்தால் சமமில்லை என்று வரும். பட்டியல் முதலில் 'இதுவும் அதுவும் ஒன்றேதானா' என்று பார்ப்பதால் வரும் வினை. டெஸ்டில் மேத் தொகுப்பின் நேனை இரண்டு பக்கமும் போட்டபோது பாஸ், நிரல் உண்மையில் கணக்கிட்டுத் தந்தபோது ஃபெயில். பட்டியலை வெறுமனே ஒப்பிடாதீர்கள், அப்ராக்ஸுக்குள் போடுங்கள்.

ஹைப்பாதெசிஸின் குறை என்றால், ஒவ்வொரு முயற்சிக்கும் 200 மில்லிசெகண்ட் என்ற காலக்கெடு. டெஸ்டுகளை ஓட்டும் எங்கள் பில்ட் மெஷின் மெதுவானது. சும்மா சும்மா அதைத் தாண்டிச் சத்தம் போட்டது. அந்தக் கெடுவைத் தளர்த்திக்கொண்டோம்.

பைத்தான் பக்கம் இல்லாதவர்களுக்குச் சில வார்த்தை. ஜாவாவுக்கான ஜேயூனிட்டில் நேனும் நேனும் சமம், டாலரன்ஸ் கொடுக்காமல் ஒப்பிட்டால் இரண்டு பூஜ்யங்களும் வேறு. எங்கள் ஆப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்கான ஜெஸ்ட். அதன் 'டுபி' கழித்தல் பூஜ்யத்தைப் பிடித்துவிடும், இந்த விஷயத்தில் அப்ராக்ஸைவிட மேல். சென்சாருக்குள் ஓடும் சி++ பக்கத்தில் கூகுள்டெஸ்ட். அங்கே நேன் எதற்கும் சமமில்லை, வேண்டுமென்றால் நேனை ஏற்கும் மேட்சரைத் தனியாகக் கேட்கவேண்டும், எனக்குப் பிடித்த வழி. ஆனால் அதன் தசம ஒப்பீடு அடுத்தடுத்த நான்கு எண்கள் வரை சமம் என்று எடுத்துக்கொள்வதால், டபுளில் (64 பிட் தசம எண் வகை) அடங்கும் மிகப் பெரிய எண்ணும் முடிவிலியும் கிட்டத்தட்டச் சமம் ஆகிவிடும். ஓவர்ஃப்ளோவை, அதாவது எண் எல்லை மீறிப் பெருகுவதை, சோதிக்கும்போது 'இஸ்இன்ஃப்' என்று நேராகக் கேளுங்கள். அப்புறம், சி++ கம்பைலரான ஜிசிசியில், கணக்கை வேகப்படுத்தும் ஃபாஸ்ட்மேத் அமைப்பைப் போட்டு பில்ட் செய்தால் நேனே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, நேன் இருக்கிறதா என்று பார்க்கும் வரியையே தூக்கிவிடக்கூடும். வேகத்துக்காக அதைப் போடும் நண்பர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், டெஸ்டையும் அதே அமைப்புகளோடு ஓட்டுங்கள்.

பைடெஸ்ட், நம்பை, ஹைப்பாதெசிஸ் மூன்றும் ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஒன்றுதான் எடுக்க நேரம் இருக்கிறது என்றால் பைடெஸ்டை எடுத்து, வார்னிங்குகளை எரராக மாற்றும் அமைப்பை ஆன் செய்யுங்கள். எங்கள் காலிப் பட்டியல் சராசரி அந்த ஒரு அமைப்பிலேயே மாட்டியிருக்கும். ஆப்புக்கு ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் தரவு அனுப்புகிறவர்கள் பைத்தானின் ஜேசன் தொகுப்பில் நேனை மறுக்கும் அளவுருவையும் போடுங்கள். டிஃபால்ட்டில் அது நேனை அப்படியே எழுதி அனுப்பும், ஜேசன் தரநிலையில் அதற்கு இடமில்லை. கணக்கு கொஞ்சம் சிக்கலானதும் ஹைப்பாதெசிஸ். நம்பையின் தொகுப்பை, வரிசைகள் இருக்கிறவர்கள் உறை போட்டுப் பயன்படுத்தலாம்.

போன வாரம் சேலத்துத் தம்பி அனுப்பிய மாற்றத்தில் 'நேன் ஓகே' ஆன் செய்த வரி ஒன்று இருந்தது. அதற்கு மேலே தமிழிலேயே எழுதியிருந்தான்: 'சென்சார் முகத்தில் நீர் கோத்தால் மட்டம் தெரியாது. இங்கே நேன் வரவேண்டும். மோட்டார் பார்ப்பவருக்கு, மட்டம் தெரியவில்லை, மூடியைத் திறந்து பாருங்கள் என்று மெசேஜ் போகவேண்டும்.' அதற்கு அடுத்ததாக, அந்த மெசேஜ் போகிறதா என்று பார்க்க இன்னொரு டெஸ்ட். இரண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்ரூவ் கொடுத்தேன்.